எங்கள் கண்முன் கையெழுத்திட்டார்

என் அத்தான் இருபத்திரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தவர். காகிதம் அப்படித்தான் சொல்கிறது. காகிதத்துக்கு வாய் இருந்தால் சிரித்திருக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் இருவரும் ஒரே வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நான் டைப்பிஸ்ட், அவர் குமாஸ்தா. ஆனால் குமாஸ்தா என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சாட்சி’தான். “சாட்சி வந்தாச்சா?” “சாட்சி டீ குடிக்கப் போயிருக்கு.” மனுஷனை அஃறிணையாக்கிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சல் வரும். அவருக்கு வராது. கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருந்தால்தானே வருவதற்கு?

உயில் எழுதுகிறவர் இரண்டு சாட்சிகளின் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் அதைப் பார்த்துவிட்டு, அவர் எதிரிலேயே தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும். சட்டம் இவ்வளவுதான், குழந்தைக்கும் புரியும். எங்கள் அலுவலகத்தில் அது வேறு விதமாக நடந்தது. காகிதம் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகும். அவர் சாப்பாட்டு மேஜையிலோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலோ கையெழுத்துப் போட்டு அனுப்புவார். மதியம் மூன்று மணிக்கு ஒரு நீலத் தட்டில் அன்றைய காகிதங்கள் எங்கள் மேஜைக்கு வரும். முதல் சாட்சி அத்தான், இரண்டாம் சாட்சி நான். கொசு அடிப்பது மாதிரி நான் பட்பட்டென்று போட்டுத் தள்ளுவேன். இது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இப்போது வந்து நல்லவள் வேஷம் போட நான் தயாராக இல்லை.

ஒவ்வொரு உயிலின் அடியிலும் ஒரு வாசகம் வரும். ‘மேற்படியார் எங்கள் கண்முன் கையெழுத்திட்டார்.’ அடித்து அடித்து என் விரல்களுக்கே அது மனப்பாடம். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ‘கண்முன்’ என்பதைக் ‘கண்மண்’ என்று அடித்துவிட்டேன். ‘எங்கள் கண்மண் கையெழுத்திட்டார்.’ யாரும் கவனிக்கவில்லை. அத்தானும் நானும் கண்மண் தெரியாமல் அதிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். இன்றைக்கும் அது யாரோ ஒருவருடைய அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

அத்தான் மட்டும் அவசரப்பட மாட்டார். தன் கையெழுத்தைப் போடுவதற்கு முன் மேலே இருக்கிற கையெழுத்தை விரலால் மெல்லத் தடவுவார். மதிய வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக வந்து மேஜையில் கிடக்கும். மின்விசிறி சுற்றும் வேகத்துக்குக் காகித ஓரங்கள் எழுந்து எழுந்து படுக்கும். அவர் குரல் தணிந்து, தூக்கத்தில் பேசுகிறவர் குரலாகிவிடும்.

“இந்தம்மா எழுதும்போது நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க.”

“நீங்க பார்த்தீங்களாக்கும்!”

“கோட்டைப் பாரேன். கடைசி எழுத்துல மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்காங்க. பச்சைத் திரை போட்ட அறை. வெளியில தூறல். பேனாவைக் கொடுத்தது மருமக. இவங்க அவ முகத்தைப் பார்க்கல, அவ கை வளையலைத்தான் பார்த்தாங்க.”

நான் தட்டச்சு செய்துகொண்டே கேட்பேன். சில நாள் கையை நிறுத்திவிட்டும் கேட்டதுண்டு. திட்டிக்கொண்டேதான் கேட்பேன், ஆனால் கேட்காமல் இருக்க முடியாது. அந்தத் தூறல் எங்கள் அறைக்குள்ளேயே விழுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “எதுக்கு அத்தான் இந்த வீண் வேலை? போட்டமா, தள்ளினமான்னு இல்லாம?” என்றேன்.

“போடறது பொய்க் கையெழுத்து,” என்றார். “கொஞ்சமாவது பார்த்த மாதிரி இருக்க வேண்டாமா?”

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. “ஊர்ல இருக்கறவங்க கையெல்லாம் உங்க அத்தானுக்கு அத்துப்படி. நான் கையில சுட்டுக்கிட்டு மூணு நாளா கட்டுப் போட்டிருக்கேன், அது மட்டும் கண்ணுல படல,” என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். வீட்டிலும் அவர் பாதி நேரம் வேறு யாருடைய அறையிலோதான் இருந்தார்.

அப்படி ஒரு மதியம் வந்த காகிதம்தான் ஒரு பஸ் டிரைவரின் உயில். ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரு மகன், ஒரு மகள். வீடு முழுவதும் மகனுக்கு. மகள் கணவனோடு அதே வீட்டில் மாடி அறையில் இருந்துகொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். அவளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ‘என் மகள் என்னை அலட்சியம் செய்த காரணத்தால்’ என்று ஒரு வரியும் இருந்தது. மகன் எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்து நான்தான் அடித்துக் கொடுத்தேன். அவன் எடுத்துப் போனான். இரண்டாம் நாள் அப்பாவின் கையெழுத்தோடு அது நீலத் தட்டில் திரும்பி வந்தது.

அத்தான் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் தடவினார்.

“ஸ்டியரிங் பிடிச்ச கை. ஜன்னலோரமா உட்கார்ந்திருக்காரு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, சட்டை நுனியில துடைச்சு, மறுபடி மாட்டிக்கிறாரு. முழுசா ஒரு தரம் படிக்கிறாரு. அவசரமே இல்ல. அந்த வரிக்கு வந்ததும் நிக்கிறாரு. வெளியில பார்க்கிறாரு. அப்புறம் போடறாரு.”

அந்த வரியை நான் இன்னொரு தரம் படித்தேன். நானும் போட்டேன்.

நான்கு மாதத்தில் டிரைவர் இறந்துபோனார். மகள் வழக்குப் போட்டாள். சாட்சிகள் இருவரும் நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்று எங்களுக்குச் சம்மன் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அலுவலகத்தில் யாரும் பதறவில்லை. எங்கள் பெரிய வக்கீல் கண்ணைத் திறக்காமலே, “ரெண்டு வரிதானே,” என்றார். மானேஜர் கதவைச் சாத்திவிட்டு எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி நடித்து எங்களுக்கு ஒத்திகை வைத்தார். “அவர் எங்க உட்கார்ந்திருந்தார்?” அத்தான் சொன்னார். “என்ன செஞ்சார்?” அத்தான் ஜன்னலைச் சொன்னார், சட்டை நுனியைச் சொன்னார், வெளியே பார்த்த அந்தப் பார்வையைச் சொன்னார். மானேஜர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். “யோவ், நிஜமாவே போய்ப் பார்த்துட்டு வந்தியா?” என்று அவரே கேட்டுவிட்டார். பிறகு அத்தான் முதுகில் தட்டிக்கொடுத்தார். உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்று வாழ்ந்த மனுஷன் அவர். முதல்முறையாக ஒரு வேலையில் பாராட்டு வாங்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த மகளே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையாம். செருப்பை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்தாள்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். இவள் தெரியாமல் சாட்சிக்காரன் காலில் விழ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எப்படித் துரத்துவது என்றுகூட யோசித்து வைத்தேன். அவள் விழ வரவில்லை.

“சாட்சியை மாத்திச் சொல்லுங்கன்னு கேட்க வரல சார்,” என்றாள். “கையெழுத்து அப்பாவோடதுதான், எனக்கே தெரியும். கேஸ் போட்டது என் வீட்டுக்காரர் பிடிவாதம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்க கூட இருந்தவர். போடும்போது அப்பா எப்படி இருந்தார்? எம்மேல கோபமா இருந்தாரா?”

அக்கா தண்ணீர் கொண்டுவந்தவள் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

அத்தான் வாயே திறந்திருக்கக் கூடாது. ஆனால் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல், அந்த அறையைக் காட்டு என்று கேட்கிறாள். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“கோபம்னு சொல்ல முடியாதும்மா. நிதானமா இருந்தாரு. ஜன்னலோரமா உட்கார்ந்தாரு. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு முழுசா படிச்சாரு…”

“கண்ணாடியா?”

அவள் குரல் மாறியது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

“எங்கப்பாவா? கண்ணாடி போட்டிருந்தாரா?”

“ஆமாம்மா.”

“என்ன ஃப்ரேம் சார்? கறுப்பா?”

“கறுப்பு,” என்றார் அத்தான். அவர் நிஜமாகவே அதைப் பார்த்துத்தான் சொன்னார் என்று சத்தியம் செய்வேன். அந்த நேரத்தில் எனக்கே அது கறுப்பாகத்தான் தெரிந்தது.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் இல்லாமல் பேசினாள். “பத்து வருஷம் கெஞ்சியிருக்கேன். எங்க கடையிலேயே பரிசோதனை பண்ணி, ஃப்ரேம் எடுத்து, வீட்டுக்கே கொண்டு போயிருக்கேன். ‘முப்பது வருஷம் பஸ் ஓட்டின கண்ணு இது, எனக்கெதுக்குடி கண்ணாடி’ன்னு தூக்கிப் போடுவார். எங்கிட்ட வாங்கிக்க மாட்டேன்னுட்டு, எனக்குத் தெரியாம வேற யாருகிட்டயோ போய் வாங்கியிருக்கார். அவ்வளவு வெறுத்திருக்கார். அதை மாட்டிக்கிட்டு அந்த வரியை முழுசா படிச்சிருக்கார்.”

அவள் அழவில்லை. ‘நன்றி சார்’ என்றாள். அந்த நன்றியைச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். தண்ணீர் குடிக்கவில்லை.

டம்ளரை அக்கா மேஜையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“நீங்க அங்க இருந்தீங்களா?”

அத்தான் வாசலைப் பார்த்தார்.

“ஏண்டி, நீ சொல்லு. இவர் அங்க இருந்தாரா?”

நான் தரையைப் பார்த்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்போம். “செத்துப்போன மனுஷன் மூக்குல கண்ணாடி மாட்டி, பெத்த பொண்ணைக் குத்திட்டீங்களே,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான்கு நாளும் அவரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை.

நீதிமன்றத்துக்குப் பஸ்ஸில்தான் போனோம். அத்தான் வழியெல்லாம் டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதோ கேட்டேன். கேட்டது நினைவில்லை. அவர் சொன்ன பதில் நினைவிருக்கிறது. “அந்தக் கண்ணாடியைக் கழட்டிடலாம்னு நாலு நாளா பார்க்கிறேன். கழட்ட வரமாட்டேங்குது.”

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பெரிய வக்கீல் எழுந்து, தூங்கி எழுந்த குரலில், “இந்த உயிலில் அவர் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க.”

பெரிய வக்கீல் கண்ணைத் திறந்தார். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கேட்டார்.

“பார்க்கலைங்க. அவரை உயிரோட நான் பார்த்ததே இல்ல. காகிதம் தட்டுல வந்துச்சு, போட்டேன். எல்லாக் காகிதமும் அப்படித்தான் வரும்.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை வருஷமாக?”

“இருபத்திரண்டு வருஷமா ஐயா.”

“இத்தனை வருஷத்தில் ஒருவர் கையெழுத்துப் போடுவதைக்கூட நேரில் பார்த்ததில்லையா?”

அத்தான் நேர்மையாக யோசித்தார். அந்த யோசனை நீண்டுகொண்டே போனது. “ஒருத்தரைப் பார்த்திருக்கேன் ஐயா. எங்க மானேஜரை. கூரியர் வாங்கும்போது.”

கூடமே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர்: நீதிபதியும், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவரின் மகளும். மதியம் இரண்டாம் சாட்சியை விசாரிக்கலாம் என்று சொல்லி நீதிபதி எழுந்துவிட்டார்.

இரண்டாம் சாட்சி நான்.

மானேஜர் என்னை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே உடைந்த நாற்காலிகளை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். “இங்க பாரும்மா, குடி ஒண்ணும் முழுகிப்போகல. ரெண்டு சாட்சியில ஒருத்தர் சொன்னாப் போதும், உயில் நிக்கும். அவர் பகல்லயே கனவு காண்றவர்னு ஆஃபீஸுக்கே தெரியும். மறந்துட்டார், குழம்பிட்டார்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேரும் போயிருந்தோம், நான் பார்த்தேன்னு நீ சொல்லு. உன் வேலையும் இருக்கும், அவரையும் பொய்ச் சாட்சிக் கேஸ்லேர்ந்து காப்பாத்தின மாதிரி ஆச்சு. உங்க அக்காவை நினைச்சுப் பாரு.”

எனக்குப் பயமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அத்தானைக் காவலர்கள் கூட்டிப் போவது மாதிரி கண்ணில் வந்துகொண்டே இருந்தது. மானேஜர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் என் அத்தான் வெறும் மறதிக்காரர். சொல்லாவிட்டால் குற்றவாளி, கூடவே நானும். சரி என்று தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

மதியம் மூன்று மணிக்குக் கூண்டில் ஏறினேன். எங்கள் மேஜைக்குத் தட்டு வருகிற நேரம். உயரமான ஜன்னலிலிருந்து வெயில் சாய்ந்து விழுந்தது. அதில் தூசி மிதந்தது. பெரிய வக்கீல் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. ‘நேரில் பார்த்தீர்களா?’

நான் பார்த்தேன். அதுதான் கொடுமை. ஜன்னலோரத்தில் அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். சட்டை நுனியை இழுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறார். அவர் நகத்தில் பழைய கிரீஸ் கறை. அத்தான் சொல்லாத கறை அது, நானாகவே பார்த்தது. என் கண்முன் கையெழுத்திட்டார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் பொய் சொல்கிற உணர்வுகூட வந்திருக்காது.

வெயிலுக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை எதிர்பார்ப்போடு பார்க்கவில்லை, கெஞ்சிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவள் மாதிரி, அப்பா தன்னை வெறுத்தார் என்பது முடிந்துபோன விஷயம் மாதிரி, சும்மா உட்கார்ந்திருந்தாள். ‘அலட்சியம்’ என்ற வார்த்தையை அடித்தவை என் விரல்கள். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. டிரைவரும் மறைந்தார், ஜன்னலும் மறைந்தது.

“பார்க்கல,” என்றேன். “அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ஆஃபீஸ்லதான் இருந்தோம். அந்தப் பெரியவரை எனக்குத் தெரியாது. இந்தக் காகிதத்தை அவருக்கு யாராவது படிச்சுக் காட்டினாங்களான்னும் தெரியாது. எழுதிக் கொடுத்தது மகன். அடிச்சது நான். எங்ககிட்ட வந்தப்போ கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.”

அதற்கப்புறம் நடந்தவை நிறைய. எங்கள் இருவர் மேலும் வழக்கு வந்தது. பெரிய வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஒன்பதாயிரம் காகிதங்களின் சொந்தக்காரர்கள் அலுவலக வாசலில் வந்து நின்று எங்களை மண்ணை வாரித் தூற்றினார்கள், அதிலும் தப்பில்லை. அக்கா அத்தானோடு மறுபடி பேச ஆரம்பித்தாள். பேசியதில் பெரும்பகுதி திட்டு. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மாலை நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மகள் எங்களிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அத்தான் எதிரில் போய் நின்றாள்.

“அப்போ அந்தக் கண்ணாடி?”

அத்தான் எழுந்து நின்றார். “இல்லம்மா. நானா நினைச்சுக்கிட்டது. மன்னிச்சுடுங்க.”

“கறுப்பு ஃப்ரேம்னு சொன்னீங்க.”

“நீங்க கறுப்பான்னு கேட்டீங்க. அதனால கறுப்பாத் தெரிஞ்சுது.”

அவள் அவரை அறைந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவள் முகத்தில் வேறு ஏதோ மெதுவாக நடந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. தனக்குத் தானே ஏதோ சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

“கண்ணாடி இல்லாம அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. மாத்திரை அட்டையைக்கூட நான்தான் படிச்சுச் சொல்லணும். அண்ணன் எதையாவது நீட்டி, போடுப்பான்னா போட்டுடுவார்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் நான் அங்கே இருப்பது தெரிந்தது போல. “அப்பா அதைப் படிக்கவே இல்லைங்க. அந்த வரி அவரோடது இல்ல.”

“இல்லம்மா,” என்றேன். “அவரோடது இல்ல.”

அவளுடைய வக்கீல், வீடு இனிப் பாதிப் பாதி, ஜெயித்துவிட்டோம் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். நாளைக்கே வரவேண்டும், ஒரு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

“நான் வீட்டுக்குப் போகணும்,” என்றாள். “உயிலைப் படிச்ச அன்னியிலேர்ந்து அப்பா போட்டோவைச் சுவத்தைப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்கேன்.”

சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். கடைசி இரண்டு படிகளை ஓடியே இறங்கினாள்.